பிடி அரிசியிலிருந்து பாஸ்புக் வரை: எங்கள் அப்பாயியின் காலம்

கூட்டமைப்பு மலருக்கு ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று சொன்னபோது, எங்க சங்கத்துல எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். பத்தாவது வரைக்கும் படிச்சவ, கணக்கு நோட்டு எழுதுறவ என்பதால். தீர்மான நோட்டைத் திறந்தால் முதல் கூட்டம் 2000-ம் வருஷம் என்று இருக்கிறது. ஆனால் எங்க ஊர்ப் பொம்பளைங்க சேமிக்க ஆரம்பிச்சது 2000-ல இல்லை. அதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடியே ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்தது. அதுக்குப் பேரும் கிடையாது, நோட்டும் கிடையாது. அதை நடத்தினது எங்க அப்பாயி, அதாவது எங்க அப்பாவைப் பெத்தவங்க. அதனால அங்கேயிருந்துதான் தொடங்கணும்.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி. கடலை, கொஞ்சம் நெல்லு, இப்போ பூவும் தென்னையும். அப்பாயி பிறந்த வருஷம் யாருக்கும் சரியாத் தெரியாது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தது 1948-ல. "ராசா ஆட்சி முடிஞ்சப்ப நான் ஆடு மேய்க்கிற வயசு" என்பார்கள். அதை வைத்துத்தான் நாங்க கணக்குப் போட்டுக்குவோம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது வீட்டில் மாமியார், கொழுந்தனார் மூணு பேர், நாத்தனார் ஒருத்தர். எல்லாருக்கும் ஆக்கிப் போட்டு, கடைசியா சாப்பிட உட்காருகிறவர் அவங்கதான்.

1960-களின் நடுவில் மழை இல்லாமல் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூணு படி அரிசி என்று பேசியதைப் பெரியவங்க இன்னும் மறக்கலை. அந்தக் காலத்துலதான் அப்பாயி தன் தெருவில் பத்து வீட்டுப் பொம்பளைங்களைச் சேர்த்துப் பிடி அரிசி எடுக்க வச்சாங்க. உலை கொதிக்கும்போது அரிசியைக் களைந்து போடுவதற்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். கஞ்சி காய்ச்சுற வீடாக இருந்தாலும் அரைப் பிடியாவது எடுக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து வீட்டு அரிசியும் எங்க வீட்டுக் குதிருக்குப் பக்கத்துல இருந்த பெரிய பானைக்கு வந்து சேரும். பிள்ளை பெத்த வீடு, சாவு விழுந்த வீடு, புருஷன் பிழைப்புக்கு வெளியூர் போய்ப் பணம் வராத வீடு, இவங்களுக்கு அதிலிருந்து கடன். ஒரு படி வாங்கினால் திருப்பும்போது ஒரு ஆழாக்கு சேர்த்துக் கொடுக்கணும். சாவு வீட்டுக்கு மட்டும் அந்த ஆழாக்கு கிடையாது.

எழுதப் படிக்கத் தெரியாதவங்க கணக்கை எப்படி வச்சிருந்தாங்க என்று நீங்க கேட்பீங்க. அடுப்படிச் சுவரில் வீட்டுக்கு ஒரு வரிசை. வாங்கின படிக்கு ஒரு கரிக்கோடு, திருப்பினால் அதுமேல ஒரு குறுக்குக் கோடு. பொங்கலுக்கு முன்னாடி சுவருக்கு வெள்ளையடிக்கணும் இல்லையா? அதுக்குள்ள எல்லாக் கோடும் அடிபட்டிருக்கணும். சுவர் வெள்ளையானா வருஷக் கணக்கு முடிஞ்சது. நாங்க இப்போ மார்ச் மாசம் தணிக்கைக்கு ஓடுறோம், அவங்களுக்கு மார்கழிக் கடைசியிலேயே தணிக்கை முடிஞ்சிடும்.

அந்தப் பானையை மாரியாத்தா படத்துக்குக் கீழேதான் வச்சிருந்தாங்க. அப்பாயிக்கு அம்மன் மேல அவ்வளவு பக்தி. செவ்வாய், வெள்ளி விரதம், ஆடியில் கூழ், மாசியில் திருவப்பூர் மாரியம்மன் பூச்சொரிதலுக்குப் பூத்தட்டோடு நடையாகப் போவது, ஊர்த் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது, எதையும் விட்டதில்லை. முளைப்பாரிக்கு நவதானியம் விதைத்து இருட்டறையில் வைத்துத் தண்ணி தெளித்து வளர்க்கிற அந்த ஒரு வாரமும் தெருப் பொம்பளைங்க எல்லாம் ராத்திரி எங்க வீட்டில்தான் கும்மி கொட்டுவார்களாம். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அங்கதான் வெளியே வரும். அரிசிப் பானையை அம்மனுக்குக் கீழே வச்சதுக்கு பக்தி மட்டும் காரணம் இல்லை என்று எங்க அத்தை சொல்லுவாங்க. அம்மனுக்கு எடுத்து வச்சது என்றால் எந்த ஆம்பளையும் அதில் கை வைக்க மாட்டான். கள்ளுக்கடைக்குப் போகாது, சீட்டாட்டத்துக்குப் போகாது. பொம்பளைங்க பேர்ல பாஸ்புக் இல்லாத காலத்துல அதுதான் பூட்டு.

இவ்வளவு கெட்டிக்காரங்களுக்கு ஒரு இடத்தில் அடி விழுந்தது. பெரியப்பா கல்யாணச் செலவுக்குத் தாத்தா ஒருத்தரிடம் கடன் வாங்கினார். நூத்துக்கு மாசம் அஞ்சு ரூபாய் வட்டி. ஈடாக முக்கால் ஏக்கர் கொல்லை. அடமானப் பத்திரம் என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். மூணு வருஷம் கழிச்சுப் பணத்தைத் திரட்டிக்கொண்டு போனபோது, அது கிரயப் பத்திரம், நிலம் அப்பவே கைமாறிவிட்டது என்றார்களாம். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாயிக்கும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் கூட இருந்தும் வாய் திறக்கவில்லை. அந்தக் கொல்லை திரும்பி வரவே இல்லை, இப்போ தைல மரம் நிற்கிறது. கடைசி வரைக்கும் அப்பாயி அந்தப் பாதை வழியாகப் போகவே மாட்டாங்க, சுத்திக்கிட்டுக் கம்மாய்க்கரை வழியாத்தான் போவாங்க.

1991-ல் எங்க மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. அப்போ கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. ஊர் ஊராக இளவட்டங்க, முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ராத்திரியில் பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்க தெருவுக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க அத்தையேதான். நான் அப்போ கைக்குழந்தை, எனக்கு எதுவும் நினைவில்லை, எல்லாம் அத்தை வாயால் கேட்டதுதான். முதல் நாள் மகள் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அப்பாயி கேட்டது: "அ, ஆவெல்லாம் அப்பறமாச் சொல்லு. மொதல்ல என் பேரை எழுதிக் காட்டு. அடுத்தாப்ல கிரயம்னு எழுதிக் காட்டு. அது எப்புடி இருக்கும்னு நான் பாக்கணும்."

அம்பது வயசுக்காரங்க, பகல் முழுக்கக் கடலை பிடுங்கிக் காய்ப்பு ஏறின கை. சிலேட்டுக்குச்சி உடைஞ்சு உடைஞ்சு போகுமாம். கையெழுத்து வர ரெண்டு மாசம் ஆச்சு. அறிவொளியில் பொம்பளைங்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் கத்துக்கிட்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வச்ச ஆம்பளை சைக்கிளிலேயே ஓட்டினார்கள். அத்தை ஓட்டினபோது ஊரில் பேசாத பேச்சில்லை. தாத்தாவுக்கே கோபம். அப்பாயி ஒண்ணும் பேசாமல் ஒருநாள் பின்னாடி கேரியரில் ஏறி உட்கார்ந்து, மகள் ஓட்டக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்களாம். அதோட பேச்சு அடங்கியது.

நம்ம சங்கங்களின் வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாச் சொல்றேன். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அரசாங்கத் திட்டமாகத் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோட இணைக்கிற முயற்சியை ஆரம்பித்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து பிறகு எல்லா மாவட்டத்துக்கும் போனது. எங்க ஊருக்கு வந்து சேர 2000 ஆனது. பதினாறு பேர், மாசம் இருபது ரூபாய் சந்தா. எங்க அம்மா ஊக்குநர். அறுபது வயசுக்கு மேல சேரக்கூடாது என்பது விதி. அப்பாயிக்கு ரேஷன் கார்டில் அம்பத்தெட்டு என்று இருந்தது, அதனால் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கார்டு சொன்ன வயசுக்கு நான் பொறுப்பில்லை.

முதல் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பிரச்சினை வந்தது. பதினாறு பேரில் அஞ்சு பேர் காலனியைச் சேர்ந்தவங்க. எல்லாரும் வழக்கம்போல மாரியம்மன் கோயில் மண்டபம் என்றார்கள். காலனிக்காரங்க அந்த மண்டபத்தில் ஏற அப்போ ஊர் விடாது. அவங்க கீழே நிற்கட்டும், நாம மேலே உட்காருவோம் என்றுகூட ஒருத்தர் யோசனை சொன்னார். அப்பாயிதான், "ஒரே சந்தாதானே குடுக்குறோம்? அவுங்க ஏற முடியாத எடத்துல நமக்கு என்ன கணக்கு?" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத் திண்ணைக்குக் கூட்டத்தை மாற்ற வைத்தார்கள். அம்மன் கோயிலே கதி என்று கிடந்தவங்க சொன்னதால யாராலும் எதிர்த்துப் பேச முடியலை. ஆனாலும் மூணு பேரை அவங்க வீட்டு ஆம்பளைங்க அனுப்பலை. ரெண்டு மாசத்தில் ஒருத்தர் வந்தார், மத்த ரெண்டு பேரும் வரவே இல்லை.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பழைய பிடி அரிசியில் காலனி வீடு ஒன்றுகூடக் கிடையாது. பசி அங்கேதான் அதிகம் இருந்திருக்கும். அது எங்க தெருவோட ஏற்பாடு, அவ்வளவுதான். சங்கம் வந்த பிறகும், காலனிப் பொம்பளைங்க எங்க வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்து டீ குடிக்கப் பல வருஷம் ஆனது. அப்பாயி ஒரே நாளில் மாறவில்லை. திண்ணையில் ஒண்ணா உட்காருவதில் ஆரம்பிச்சு, மெல்ல மெல்லத்தான் உள்ளே வரைக்கும் வந்தாங்க.

ஆறு மாசம் கழிச்சுத் தரம் பிரித்து, சுழல்நிதி வந்தது. பின்னாடி பேங்குக் கடனும் வந்தது. பேங்குக்குப் போன அன்னைக்கு நடந்ததை எங்க அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க. அங்கே இருந்தவர் பழக்கத்தில் மை டப்பாவை அப்பாயி பக்கம் தள்ளினாராம். அப்பாயி அதை அப்படியே அவர் பக்கமே திருப்பித் தள்ளிட்டுப் பேனாவைக் கேட்டார்களாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி ஃபாரத்தை முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாடி வரிசை நின்றது. அவங்க அவசரப்படலை. அந்தக் கடனில்தான் அம்மா குத்தகைக்கு நிலம் பிடித்து முல்லை போட்டாங்க. என் தம்பியின் ஐ.டி.ஐ. படிப்பு அந்தப் பூவில்தான் முடிந்தது. வட்டிக்காரர் எங்க தெருவுக்கு வருவதும் குறைந்துபோனது.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். எங்க பக்கத்துத் தென்னை, பலா, வாழை எல்லாம் சாய்ந்தது உங்களுக்கே தெரியும். கரண்ட் இல்லை, குடிதண்ணி இல்லை, ரோட்டில் மரம் கிடந்து வண்டி எதுவும் வரலை. காலனியில் பாதி வீட்டுக்கு மேலே கூரையே இல்லை. அப்பாயிக்கு அப்போ எண்பதை ஒட்டின வயசு, கண்ணும் மங்கல். அன்னைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "பிடி அரிசி எடுக்கச் சொல்லுத்தா, ஒரு பிடி இல்ல, வீட்டுக்கு ஒரு படி" என்றார்கள். கூரை தப்பின வீடு எல்லாத்துக்கும் போனோம். முதல் நாள் 31 படி சேர்ந்தது. சத்துணவுக்கூடத்தில் ஒரே பானையில் ரெண்டு தெருவுக்கும் சேர்த்து ஆக்கினோம். ஒன்பது நாள் அந்த அடுப்பு எரிந்தது. இந்தத் தடவை கரிக்கோடு போடலை, தீர்மான நோட்டில் நான் எழுதினேன். அப்பாயி அதை வாங்கித் தடவிப் பார்த்து, பேர் விட்டுப்போன ஒரு வீட்டைச் சொல்லி, அதையும் எழுதச் சொன்னாங்க.

2021 தை மாசம் அப்பாயி இறந்துபோனாங்க. அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் போட்டோம். அவங்க சேமிப்பும் பங்கும் சேர்த்து 6,840 ரூபாய் நின்றது. வாரிசு என்ற இடத்தில் மகன்கள் பேர் இல்லை. மகளுக்குப் பாதி, மருமகளுக்குப் பாதி என்று ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அத்தைக்கு 3,420, அம்மாவுக்கு 3,420. ரெண்டு பேரும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.