சுமப்பவன் சொல்லட்டும்

திருவெண்ணெய்நல்லூர் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் இரு செய்திகள் எழும். ஒன்று, அது கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலோடு இணைத்துப் பேசப்படும் ஊர் என்பது. சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்களின் நூல்களைப் பயின்ற நம் குடும்பங்களுக்கு இச்செய்தி புதிதன்று. மற்றொன்று, ஓலை வழக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் தம் பெரிய புராணத்தில் இதனை விரித்துரைத்துள்ளார்.

மணப்பந்தலில் நின்ற சுந்தரரைத் தம் அடிமை என்று உரிமை கொண்டாடி முதியவர் ஒருவர் வருகிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையைச் சான்றாகக் காட்டுகிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறுண்டு என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் முதியவரின் சொல்லை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. முன்னைய வழக்கம், எழுத்து, சாட்சி ஆகியவற்றுள் ஒன்றையேனும் காட்டுமாறு கேட்கின்றனர். மூல ஓலையை வாங்கி, எல்லார் செவியிலும் படும்படி படிக்கச் செய்கின்றனர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிடுகின்றனர். அதன் பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

வந்த முதியவர் இறைவனே என்பது சைவ அன்பர்களின் நம்பிக்கை. வரலாறு பயில்வோராகிய நாம் ஈண்டு நோக்குவது அவை நடந்த முறையையே. எவன் மீது ஓலை பாய்கிறதோ, அவன் முன்னிலையில், அவனுக்குப் புரியும் மொழியில் அது படிக்கப்பட்டது. அவன் மறுப்புக் கேட்கப்பட்டது. தீர்ப்புக்குக் காரணமும் காட்டப்பட்டது. தமிழ் மண்ணில் நியாயம் எப்படி நடக்க வேண்டுமென்று நம் முன்னோர் எண்ணினர் என்பதற்கு இக்கதை ஓர் அடையாளம்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து எது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் ஆயத்து. அது கடன் பத்திரம் பற்றியது. கடனை எழுதி வைக்க வேண்டும், சாட்சிகளை அமைக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. பத்திரத்தின் வாசகத்தை எவர் சொல்ல வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. கொடுத்தவர் அல்லர், கடனைச் சுமப்பவரே சொல்ல வேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது. வலியவன் எழுதி நீட்டுவதில் எளியவன் கைந்நாட்டு வைப்பதே உலக வழக்கம். சுமையை ஏற்பவனின் வாய்ச்சொல்லே பத்திரத்தில் ஏற வேண்டும் என்பது அவ்வழக்கத்தைத் தலைகீழாக்கும் சட்டம். இது இருவருக்கிடையிலான கடனுக்குரிய சட்டமேயாயினும், இதனுள் பொதிந்த நியாயம் விரிந்தது. ஓர் அரசு விதி வகுக்கும்போது அதன் சுமை யார் தோளில் ஏறுகிறதோ அவர் சொல்லும் அவ்விதியில் இடம்பெற வேண்டாமா? இந்த வினாவுடன் நம் நாட்டு வரலாற்றைப் புரட்டுவோம்.

கும்பெனி ஆட்சியில் விதிகள் மேலிருந்து இறங்கின. நிலவரி எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், கட்டத் தவறினால் என்ன நேரும் என்பவற்றைக் குடியானவனைக் கேட்டு எவரும் முடிவு செய்யவில்லை. 1852ஆம் ஆண்டில் சென்னைச் சுதேசிகள் சங்கம் தோன்றியது. அதனை நிறுவிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார், பிறை எனப் பொருள்படும் ‘கிரசண்ட்’ என்னும் பெயரில் ஆங்கில இதழ் நடத்தியவர். வரிக்கொடுமை, நீதிமன்றத் தாமதம் முதலிய குறைகளை எடுத்துரைத்து அச்சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. பின்னர் அந்நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் நேரில் வந்து நிலைமையைப் பார்த்தறிந்தார். 1854 ஜூலையில் இலண்டனில் இது விவாதிக்கப்பட்டது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய சித்திரவதை விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது.

குறையுடையோர் நேரில் வரலாம், அல்லது எழுதலாம் என்று அக்குழு அறிவித்தது. 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 பேர் எழுதினர். புகைவண்டி ஓடாத காலம் அது. தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் ஏழைக் குடியானவர்கள் நடந்தே சென்னை சேர்ந்தனர். விரல்களை இறுக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’ முதலிய கொடுமைகள் வரி தண்டுவதற்காகக் கையாளப்பட்டன என்பது 1855இல் வெளியான அறிக்கையால் உலகறிந்தது. அக்குழு ஐரோப்பிய அதிகாரிகளைப் பெரிதும் விடுவித்து, பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் மீதே சுமத்தியது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் ஒரு பயன் விளைந்தது. வரி தண்டும் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்ததுதான் கொடுமையின் வேர் என்பது தெளிவாயிற்று. 1859ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் அவ்விரண்டையும் பிரித்தது. கேட்டதற்கும் பின்னர் வந்த விதிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் ஒரு பாலம் இருந்தது.

1897ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டத்தில் கேட்கும் முறை ஓர் ஏற்பாடாகவே எழுதப்பட்டது. முன்கூட்டியே வெளியிட்டு விதி வகுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் பணித்திருந்தால், அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் 23ஆம் பிரிவு கூறுகிறது. வரைவை வெளியிட வேண்டும். எந்த நாளுக்குப் பின் அது பரிசீலிக்கப்படும் என்று அறிவிக்க வேண்டும். அந்நாளுக்குள் வரும் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். இப்பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆயின் அதன் இறுதியில் மற்றொன்றும் உண்டு. விதி அரசிதழில் வெளியாகிவிட்டால், அது முறைப்படியே வகுக்கப்பட்டது என்பதற்கு அவ்வெளியீடே முடிவான சான்றாகும். கேட்கும் வாயிலைத் திறந்த அதே பிரிவு, கேட்டது போதுமா என்னும் வினாவின் வாயிலைப் பெரிதும் சாத்தியும் விட்டது. சந்தைக்குச் செல்பவரும் கழனியில் நிற்பவரும் அரசிதழ் படிப்பதில்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்ட ஒரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூர்வோம். தம் சந்ததியாருக்குப் பயன்படுமாறும், இறுதியில் ஏழைகளைச் சேருமாறும் சொத்தை வக்ஃபு செய்வது நம்மவரின் பழைய வழக்கம். 1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில், ஏழைகளுக்குரிய பங்கு மிகத் தொலைவில் பெயரளவில் இருக்குமாயின் அத்தகைய வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஃபிக்ஹு நூல்கள் அனுமதித்ததை ஆங்கில நீதிமன்றம் மறுத்தது கண்டு நாடெங்கும் குடும்பங்கள் கலங்கின. அறிஞர் ஷிப்லி நுஃமானி உலமாக்களின் கருத்துகளையும் மக்களின் கையொப்பங்களையும் திரட்டினார். 1911இல் முஹம்மதலி ஜின்னா மைய சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். அது கருத்தறிய மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. அது முற்பட்ட வக்ஃபுகளுக்குப் பொருந்தாது என நீதிமன்றங்கள் கூறியபோது, 1930இல் மற்றொரு சட்டம் அக்குறையையும் நீக்கியது. மக்கள் கருத்து ஒரு நாளில் வெல்வதில்லை. தீர்ப்பிலிருந்து முழுப் பரிகாரம் வரை 36 ஆண்டுகள் சென்றன. எனினும் அக்கருத்து உணர்ச்சியை மட்டும் கொட்டவில்லை. நூலாதாரமும், பாதிக்கப்பட்டோர் நிலையும், வேண்டப்படும் திருத்தமும் அதில் இருந்தன. வென்றதன் காரணம் அதுவே.

விடுதலைக்குப் பின் வாயில்கள் பெருகின. 1997இல், பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது கட்டாயமாக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர்தம் பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். முடிவில் பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் மக்களுக்கு வாசித்து விளக்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை உரக்கப் படிக்கப்பட்டதை இது நினைவூட்டவில்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது உரிய செய்திகளை வெளியிடவும், பாதிக்கப்பட்டோருக்கு முடிவின் காரணங்களைக் கூறவும் அரசு அலுவலகங்களைப் பணிக்கிறது. 2014இல் மைய அரசு, சட்ட வரைவுகளை எளிய விளக்கத்துடன் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என முடிவு செய்தது. ஆயின் அது அரசின் கொள்கை முடிவேயன்றிச் சட்டம் அன்று.

இவ்வளவு வாயில்கள் இருந்தும் நேர்ந்தது என்ன? 2020ஆம் ஆண்டில், மேற்சொன்ன சுற்றுச்சூழல் அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு புதிய வரைவு வெளியிடப்பட்டது. பொதுமக்கள் கருத்துரைக்கும் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைப்பதும் அதில் ஒன்று. கருத்துரைப்பதைப் பற்றிய அந்த வரைவைக் குறித்தே கருத்துரைக்கத் தமிழ்க் குடியானவனால் இயலவில்லை. ஏனெனில் அது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளிவந்தது. கொரோனா ஊரடங்கு வேறு. 2020 ஜூன் 30ஆம் நாள் டில்லி உயர் நீதிமன்றம், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டு, காலக்கெடுவை ஆகஸ்டு 11 வரை நீட்டியது. மொழி தெரியாதவனிடம் ஓலையை நீட்டுவது கேட்பதாகாது என்னும் பழைய நியாயத்தையே அந்நீதிமன்றம் புதிய சொற்களில் உரைத்தது.

2024 ஆகஸ்டு 8இல் வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டு, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு மக்களிடம் கருத்துக் கேட்டது. 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன என்று மக்களவையில் அமைச்சர் தெரிவித்தார். 1854இல் வந்த 1,959 முறையீடுகளோடு ஒப்பிட்டால் இது கடலளவு. 2025 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் அதன் சில விதிகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எழுதியவர்களுள் பெரும்பாலோர் மனத்தில் ஒரு வினா நிற்கிறது. நாம் எழுதியதை எவர் படித்தார், ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் யாது என்பதே அது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, அரசுத் துறை பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின் விதியோடு அதன் அடிப்படையையும் நோக்கத்தையும் சுருக்கமாக வெளியிட வேண்டும். கேட்பதில் பாதி, மறுமொழி சொல்வது. மறுமொழி இல்லாத கேள்வி, கிணற்றில் போட்ட கல்.

ஆகவே வரலாறு நமக்குக் காட்டும் அளவுகோல்கள் நான்கு. வரைவு சுமப்பவனின் மொழியில் வர வேண்டும். அவன் அறியும் இடத்தில் வர வேண்டும். அவன் எண்ணிப் பேசப் போதிய நாள் வேண்டும். இறுதியில் காரணத்தோடு மறுமொழி வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் கருத்துக் கேட்பு வெறும் சடங்காகிவிடும்.

இது அரசின் கடமை. நம் கடமை ஒன்றும் உண்டு. சுமப்பவன் சொல்ல இயலாதபோது அவன் பொறுப்பாளர் சொல்ல வேண்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது என்னும் ஆயத்தின் பகுதிக்கு நாமே இலக்கு. நம் இல்லங்களில் திருமணத்துக்கும் ‘மஷூரா’ செய்கிறோம், ஊர்க் காரியத்துக்கும் ‘மஷூரா’ செய்கிறோம். அரசு வரைவு ஒன்று வந்தால் அதனை ஜமாஅத்தில் படித்துக் காட்டுவோர் எத்தனை பேர்? திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் தமிழகமெங்குமுள்ள ஊராட்சிகளிலும் குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுகிறது. அங்கே நம்மவர் எத்தனை பேர், குறிப்பாக நம் பெண்கள் எத்தனை பேர், எழுந்து பேசுகின்றனர்?

ஆட்சேபணை எழுதுவது அரிய கலையன்று. வரைவின் பெயர், எண், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எந்தப் பிரிவு, அது நம் தொழிலையோ நிலத்தையோ பள்ளியையோ எவ்வாறு தொடுகிறது, அங்கே எந்தச் சொல் மாற வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரே வாசகத்தில் பல்லாயிரம் மடல்கள் அனுப்புவதினும், நேர்ந்த பாதிப்பைத் தத்தம் சொல்லில் கூறும் நூறு மடல்கள் கனமானவை. கெடு நாளுக்குள் தபாலில் அனுப்பிப் படியொன்றைப் பாதுகாக்க வேண்டும். என்ன ஆயிற்று என்பதைத் தகவல் அறியும் சட்டத்தின் வழி கேட்க வேண்டும். நம் பக்கத்து வீட்டு நெசவாளியோ மீனவரோ எந்தச் சமயத்தவராயினும், அவருக்காகவும் எழுத வேண்டும். விதியின் சுமை சமயம் பார்த்து ஏறுவதில்லை.

1854இல் சென்னை நோக்கி நடந்தவர்களில் பலர் தம் பெயரை எழுதவும் அறியாதவராகவே இருந்திருப்பர். அவர்களுக்காக எவரோ எழுதினர், எவரோ படித்தனர். அவ்வாறு ஏறிய சொற்களே ஐந்தாண்டில் ஒரு சட்டத்தை அசைத்தன. எழுதுகோல் இன்று நம் கையில் இருக்கிறது. எழுத மறுக்க நமக்கு உரிமையில்லை.