காரைக்கால் கொம்யூன்கள்: உயரும் வரி யாருக்கு?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தனர். பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணையலாமா என்பது வினா. 170 பேர் ஆம் என்றனர். 8 பேர் மறுத்தனர். வாக்களித்தோருள் பெரும்பாலோர் நகரசபை உறுப்பினர்கள். தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கத் தேர்வானவர்கள் ஒரு நாட்டின் எல்லையைத் தீர்மானித்தார்கள்.

அந்தச் சபைகள் 1880 மார்ச் 12 தேதியிட்ட பிரெஞ்சு ஆணையில் பிறந்தவை. 1907இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது காரைக்கால் பகுதிக்கு ஆறு கொம்யூன்கள் அமைந்தன: காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம். தன்னாட்சி என்று மயங்கிவிட வேண்டாம். மேயர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பார், சபை வாக்களிக்கும், ஆளுநர் இசைந்தால்தான் அது செல்லும். பெட்டி கொம்யூனுடையது, சாவி புதுச்சேரியில்.

விடுதலைக்குப் பின் சாவி கைமாறியதேயன்றி ஊருக்கு வரவில்லை. 1968இல் தேர்தல் நடந்தது. 1974 ஜனவரி 26 முதல் புதிய நகராட்சிச் சட்டமும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. அடுத்த தேர்தலோ 2006இல்தான்! இடையே 38 ஆண்டுகள்.

இந்தப் பின்னணியில்தான் 'வரி உயர்வு நிதியாக்கம்' என்ற முறையைப் பார்க்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் இன்றைய சொத்துவரியை அடிப்படை அளவாக வைத்துக்கொண்டு, கடன் வாங்கிச் சாலையும் வடிகாலும் அமைப்பார்கள். மனை விலை ஏறும், வரியும் ஏறும். ஏறிய பகுதி மட்டும் பல ஆண்டுகளுக்குக் கடனடைக்கப் போகும். கலிபோர்னியா 1952இலேயே இதைத் தொடங்கிற்று. பள்ளிகளுக்குச் சேரவேண்டிய வரி இவ்வாறு திரும்பிவிட, அந்த இழப்பை மாநிலக் கருவூலம் ஈடுகட்ட நேர்ந்தது. 2011இல் மாநிலம் மறுவளர்ச்சி முகமைகளையே கலைக்கச் சட்டமியற்றியது. அந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நாளைய வரியை இன்றே அடகு வைப்பதற்கு மேலிருந்து ஒரு கண் வேண்டும்.

இந்தியாவில் நடுவண் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கொள்கைச் சட்டகம் இம்முறையையும் பரிந்துரைத்தது. ஆயின் நகராட்சி எந்த வரியை விதிக்கலாம் என்பதைச் சட்டமன்றமே வகுக்கும் என்கிறது அரசியலமைப்பின் 243X பிரிவு. 243ZB வழியாக அது ஒன்றியப் பகுதிகளுக்கும் பொருந்தும். எனவே கட்டுப்பாடு நமக்குப் புதிதன்று. 1880இலிருந்தே நம்மிடம் கட்டுப்பாடு மிகுதி; கட்டுப்படுத்தப்பட வேண்டிய சபைதான் பல காலம் இல்லை.

திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கீழவாஞ்சூரில் 2009இல் தனியார் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இத்தகைய முதலீட்டைச் சுற்றித்தான் மேற்சொன்ன நிதியாக்கத்தைத் திட்டமிடுவார்கள். அப்போது 2006இல் தேர்வான சபை இருந்தது. 2011இல் அதன் காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் துறைமுகத்தைச் சுற்றி ஏறிய மனை விலையில் கொம்யூனுக்கு என்ன பங்கு, லாரிகள் போகும் சாலைக்கு எவ்வளவு, மீனவர் குப்பங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு வாக்களிக்க ஊரில் ஓர் உறுப்பினரும் இல்லை. கீழூரில் மறுப்பதற்காவது எட்டுப் பேர் இருந்தார்கள். இங்கே கோப்பு அதிகாரியின் மேசையிலிருந்து புறப்பட்டு இன்னோர் அதிகாரியின் மேசைக்குச் சென்றது.