உண்ணலும் ஊட்டலும்

உண்பது தன்வினை, ஊட்டுவது பிறவினை. பள்ளி இலக்கணத்தில் படித்த இந்த வேறுபாடு, டிமென்ஷியா வந்தவர்கள் வாழும் இல்லங்களின் சாப்பாட்டு மேசையில் மூன்று வேளையும் கண்முன் நடக்கிறது. தட்டு எதிரே இருக்கும். அதில் இருப்பது உணவு என்று பெரியவருக்குப் பிடிபடாது. பிடிபட்டாலும், கரண்டியை என்ன செய்வதென்று கைக்கு மறந்திருக்கும். இன்னும் பலரைக் கவனிக்க வேண்டிய பணிப்பெண் கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறார். வேலை சீக்கிரம் முடிகிறது. நாளடைவில், தானே உண்ணக்கூடியவரும் வாயைத் திறந்தபடி காத்திருக்கப் பழகிவிடுகிறார்.

அந்தக் கரண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்த்தவர்களில் தைவானின் செவிலியத் துறை ஆய்வாளர் லி-சான் லின் ஒருவர். 2010இல் வெளியான அவர் குழுவின் ஆய்வு இரண்டு வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தது.

முதல் வழி, இடைவெளி விட்டு நினைவூட்டுவது. “சாப்பாடு வந்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார்கள். பதிலையும் சொல்லி, செய்தும் காட்ட வேண்டும். சரியாக வந்தால் ஒரு நிமிடம் கழித்து அதே கேள்வி. பிறகு இரண்டு, நான்கு, எட்டு என இடைவெளி நீளும். தவறினால் திட்டோ சோதனையோ கிடையாது. சரியான விடையை உடனே சொல்லிவிட்டு, முன்பு வெற்றி கண்ட இடைவெளிக்குத் திரும்புவார்கள். காலையில் நடந்ததை மறப்பவருக்கும் பழக்கத்தால் படியும் நினைவு நெடுநாள் மிஞ்சும் என்பதே இதன் பிடிமானம்.

இரண்டாவது மாண்டிசோரி வழி. 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த அதே மரியா மாண்டிசோரியின் முறைதான். பிள்ளைகள் கிண்ணத்துக்குக் கிண்ணம் பயறு மாற்றி விளையாடுவதை நம் மழலையர் பள்ளிகளில் பார்த்திருப்போம். அள்ளுதல், ஊற்றுதல், பிழிதல் போன்ற அதே கைவேலைகள் இங்கே முதியவர்களுக்கு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வழிகளையுமே டிமென்ஷியாவுக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

ஆய்வில் கலந்துகொண்ட 85 பேரில் 25 பேர் முதல் வழியில், 29 பேர் இரண்டாவதில். மீதி 31 பேருக்கு இந்தப் பயிற்சி இல்லை. வாரம் மூன்று முறை, தடவைக்கு 30 முதல் 40 நிமிடம், எட்டு வாரம். முடிவில் இரண்டு குழுக்களுக்கும் உண்பதில் இருந்த சிரமம் குறைந்தது. ஊட்டச்சத்து மதிப்பெண்ணிலோ முதல் குழுதான் பயிற்சி பெறாதவர்களை மிஞ்சியது. மாண்டிசோரி குழுவில் ஒரு முரண்: சிரமம் குறைந்தும், கைகொடுத்தும் சொல்லியும் உதவ வேண்டியது பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமாக இருந்தது.

இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனமில்லை. மேசையை விட்டு எழுந்து போகிறவருக்கு உதவி தேவைப்படுவதில்லை. கரண்டியை எடுத்து, பாதி வழியில் திணறுகிறவருக்குத்தான் தேவைப்படும். ஆனாலும் அள்ளிப் பழகிய கை தானாகச் சோற்றுத் தட்டுக்கு வந்துவிடாது என்பதும் உண்மை. முதல் வழி உண்ணும் செயலையே பழக்குகிறது. இரண்டாவது அதற்கு ஒத்திகை பார்க்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

செலவையும் பார்க்க வேண்டும். எட்டு வாரத்தில் 24 அமர்வு, அதாவது 12 முதல் 16 மணி நேரம். ஆள் பற்றாக்குறையில் ஓடும் இல்லம் முகம் சுளிக்கும். ஊட்டியே கழியும் மணி நேரங்களை மட்டும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

என்னைக் கேட்டால், கேள்விக்கு இன்னும் பதில் சொல்கிறவருக்கு முதல் வழி. பேச்சு நின்றுபோய், கை மட்டும் மேசைத் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருக்கிறதே, அவருக்கு இரண்டாவது.