பள்ளியில் ஓரவஞ்சனை: நேற்றும் இன்றும்

ஆசிரியர் தம் பிள்ளையை ஒரு கண்ணாலும் பிறர் பிள்ளையை மறு கண்ணாலும் பார்க்கிறாரோ என்னும் ஐயம் எல்லாப் பெற்றோர்க்கும் உண்டு. நம் சமூகத்துப் பெற்றோரின் ஐயத்துக்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் பயின்ற காலத்தைத் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கூறியுள்ளார். உடன் பயில்வோருடன் பழகினால் சாதி வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி, வெளியே எங்கேனும் படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த பெருமகனார் அவர்!

அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட நம்மவர் கல்விக்கெனச் சென்னை அரசாங்கம் 1893இல் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். கதவு திறந்தது, உள்ளேயிருந்த ஓரவஞ்சனை எளிதில் வெளியேறவில்லை. 1995இல் நம் சேலம் மாவட்டத்துக் கட்டிநாயக்கன்பட்டியில், பிற சாதிப் பிள்ளைகளுக்கென வைத்த தண்ணீரைக் குடித்ததற்காக ஆசிரியர் அடித்ததில் நம் சிறுமி ஒருத்தியின் கண் பழுதுபட்டது. 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரைத் தொடக்கப் பள்ளியில் ஆதிதிராவிட மாணவரைக் கழிப்பறை கழுவச் செய்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். காய்ச்சலுற்ற மகனை ஒரு தாய் துருவிக் கேட்டதால் வெளிவந்த செய்தி அது.

பிள்ளைகள் தாமாகச் சொல்வதில்லை. பெற்றோரோ பள்ளி வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். ஒருமுறை ஒரு தந்தை, “ஐயா, என் மகன் எப்போதும் கடைசியில்தான் உட்காருகிறானாமே” என்றார். “உயர வரிசைப்படிதான் அமர்த்துவோம்” என்று சமாதானம் கூறி அனுப்பினோம். பிறகு வகுப்புக்குள் சென்று பார்த்தால், அவ்வரிசையில் உயரத்தைக் காணோம்! மறுநாளே மாற்றினோம். அவர் கேட்டிராவிடில் நாம் எட்டிப் பார்த்திருக்கவும் மாட்டோம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் தொகைக்கேற்ற இடமும் உண்டு. வகுப்பறையைக் கூட்டுபவர் யார், இறைவணக்கத்தில் முன்நிற்பவர் யார், ஆண்டுவிழா நாடகத்தில் வேடம் பெறுபவர் யார் என்றெல்லாம் அங்கே கேட்கலாம்.

கூட்டத்திற்குச் சென்றால் அன்றைய கூலி போகிறதே என்று குப்பனூரிலும் மலையூர்களிலும் கூறுகின்றனர். அது மெய்யான துன்பமே. தெருவுக்கு இருவர் என முறை வைத்துக்கொண்டு செல்லலாம். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் உடன் சென்று, தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டட்டும். பெற்றோர் அதன் பின்னர்க் கையொப்பமிட்டால் போதும்.