பெத்லம் மருத்துவமனை வளாகம், லாம்பெத்

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, லாம்பெத் சாலையில், இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இருக்கும் இடம். 1815 முதல் 1930 வரை இங்கே பெத்லம் மனநல மருத்துவமனை இயங்கியது. ‘பெட்லம்’ என்று மருவி, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிப்போனது இந்த மருத்துவமனைதான். 1247-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இது மூன்றாவது இருப்பிடம். தூண்கள் தாங்கும் முகப்பும் குவிமாடமும் கொண்ட நடுக்கட்டடம் மட்டும் இப்போது நிற்கிறது. நோயாளிகள் வசித்த இருபுறக் கட்டடங்களும் இடிக்கப்பட்டுவிட்டன.

மருத்துவமனை வருமுன் இந்தப் பகுதிக்கு செயின்ட் ஜார்ஜ் வெளி என்று பெயர். சதுப்பும் புல்லுமான தாழ்நிலம் அது. ‘நாயும் வாத்தும்’ என்ற மதுக்கடை இங்கே பேர்போனது. அங்கிருந்த ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்று நம்பி ஒரு காலத்தில் பெரிய மனிதர்களும் வந்தார்கள். பிறகு திருடர்கள் கூடும் இடமாகி, உரிமத்தை இழந்து மூடப்பட்டது. வாத்தைக் கவ்விய நாயைச் செதுக்கிய அதன் கல் பலகையை, 1716 என்ற ஆண்டுக் குறிப்போடு, மருத்துவமனைத் தோட்டச் சுவரில் பதித்துவைத்தார்கள்.

பெத்லம் இங்கே குடிவந்ததற்குக் காரணம் முந்தைய கட்டடத்தின் இடிபாடு. மூர்ஃபீல்ட்ஸில் இருந்த அந்த இரண்டாவது மருத்துவமனையை 1676-இல் கட்டியவர் ராபர்ட் ஹூக். பள்ளி இயற்பியலில் சுருள்வில் விதியோடு நாம் படிக்கும் அதே ஹூக்தான். 500 அடிக்கு மேல் நீண்ட அந்தக் கட்டடத்தை அரண்மனை என்றே ஊர் வியந்தது. வாயிலின் மேல் கையஸ் கிப்பர் செதுக்கிய இரண்டு சிலைகள் படுத்திருந்தன: ஒன்று மனச்சோர்வு, மற்றது சங்கிலியிட்ட வெறி. ஆனால் நகரின் பழைய அகழியைக் குப்பைகூளம் கொட்டி மூடிய மண்ணின் மேல், போதிய கடைக்கால் இல்லாமல் எழுப்பிய கட்டடம் அது. நூறாண்டு கழித்துச் சோதித்தபோது நேராக நின்ற சுவர் ஒன்றுகூட இல்லை. அழகான முகப்பு, அதன் பின்னால் இப்படி ஒரு நிலை: பெத்லத்தின் வரலாறு நெடுக இது திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பழைய கட்டடத்தின் கடைசி ஆண்டுகளில்தான், 1814-இல், எட்வர்ட் வேக்ஃபீல்ட் என்பவர் உள்ளே போய் ஜேம்ஸ் நாரிஸைப் பார்த்தார். அமெரிக்கக் கடற்படை வீரரான நாரிஸின் கழுத்தில் ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து ஒரு குட்டைச் சங்கிலி, சுவரோரம் நட்டிருந்த இரும்புக் கம்பியில் மேலும் கீழும் நகரும் இன்னொரு வளையத்துக்குப் போனது. இடுப்பைச் சுற்றிய இரும்புப் பட்டை கைகளை உடம்போடு சேர்த்துப் பூட்டியிருந்தது. எழுந்து நிற்கலாம், படுக்கலாம். ஓரடி எடுத்து வைக்க வழியில்லை. பல ஆண்டுகளாக இதே நிலை. நாரிஸை இந்தக் கோலத்தில் வரைந்த ஓவியம் அச்சாகி ஊரெல்லாம் பரவியது. 1815-இல் நாடாளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கியது. மறு ஆண்டே தலைமை மருத்துவர் தாமஸ் மன்ரோ பதவி விலக நேர்ந்தது. கட்டு அவிழ்க்கப்பட்ட நாரிஸ் அதிக நாள் வாழவில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, லாம்பெத்தின் புதிய கட்டடத்துக்கு வரைபடப் போட்டி நடத்தியிருந்தார்கள். அப்போது மருத்துவமனையிலேயே அடைபட்டிருந்த ஜேம்ஸ் டில்லி மேத்யூஸும் வரைபடங்கள் தந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘காற்றுத் தறி’ எந்திரத்தால் எதிரிகள் தன் மனத்தை ஆட்டிவைப்பதாக நம்பியவர் அவர். நிர்வாகம் அவருக்கு 30 பவுண்டு சன்மானம் கொடுத்தது. இந்த வரலாற்றில் நோயாளி ஒருவரிடம் கட்டடம் பற்றிக் கருத்துக் கேட்ட சந்தர்ப்பம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். கட்டடத்தைக் கடைசியில் வடிவமைத்தவர் ஜேம்ஸ் லூயிஸ். 1812-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1815 ஆகஸ்ட்டில் 122 நோயாளிகள் வாடகைக் குதிரைவண்டிகளில் வந்து சேர்ந்தார்கள்.

வந்த முதல் குளிர்காலமே கடுமையாக இருந்திருக்க வேண்டும். நீராவிச் சூடேற்றி சரியாக வேலை செய்யவில்லை. தரைக்குக் கீழே இருந்த கூடங்களில் ஈரம் கசிந்தது. மேல்மாடிச் சன்னல்களுக்குக் கண்ணாடியே போடவில்லை. மரக்கதவைத் திறந்தால் பனிக்காற்று நேரே படுக்கையில் அடிக்கும். மூடினால் பட்டப்பகலிலும் இருட்டு. காற்றோட்டம் இருந்தால்தான் பைத்தியக்காரவிடுதிகளுக்கே உரிய நாற்றம் தங்காது என்று நிர்வாகிகள் விளக்கம் சொன்னார்கள். 1816-இல் கண்ணாடி பொருத்தினார்கள்.

அதே ஆண்டில், குற்றம் செய்த மனநோயாளிகளுக்கென்று அரசுச் செலவில் தனிக் கட்டடங்கள் பின்புறம் எழுந்தன. மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி நாடகக் கொட்டகையில் சுட்ட ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு இங்கே இருந்தார். 1843-இல் பிரதமரின் செயலரைச் சுட்டுக்கொன்ற டேனியல் மெக்நாட்டனும் இங்கேதான் அனுப்பப்பட்டார். அவர் வழக்கிலிருந்து பிறந்த மெக்நாட்டன் விதிகள், தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் இருந்தவரைக் குற்றவாளியாகக் கொள்ளக்கூடாது என்று வரையறுத்தன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவுக்கு மூலம் இதுவே. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-ஆம் பிரிவு. மதுரையிலோ கோவையிலோ ஒரு வழக்கறிஞர் இந்த வாதத்தை எடுக்கும்போது, லாம்பெத்தில் அடைபட்ட ஒருவரின் வழக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது.

தந்தையைக் கொன்ற ஓவியர் ரிச்சர்ட் டாட் 1844-இல் இங்கு வந்து இருபது ஆண்டுகள் இருந்தார். இப்போது டேட் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய புகழ்பெற்ற தேவதைக் கூட்ட ஓவியம் இங்கே வரைந்தது. குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான பிராட்மூர் மருத்துவமனை திறந்தபின், 1863–64-இல், இந்தப் பிரிவினர் எல்லோரும் அங்கே மாற்றப்பட்டார்கள்.

சிட்னி ஸ்மர்க் கட்டடத்தை விரிவுபடுத்தி, 1840-களில் நடுவே இருந்த சிறு மாடத்தை எடுத்துவிட்டு, உயரமான குவிமாடத்தை அமைத்தார். அதன் அடியில் தேவாலயம் இருந்தது. இவரே பின்னாளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வட்ட வாசகசாலையைக் கட்டியவர். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கத்தோலிக்கப் பேராலயத்தை வடிவமைத்தவர் அகஸ்டஸ் பியூஜின். 1852-இல் மனநிலை குலைந்த அவரையே, தான் கட்டிய கோயிலுக்கு எதிரே, பெத்லத்தில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார்.

1850-களின் தொடக்கத்தில் நடந்த அரசு ஆய்வு மருத்துவமனையைக் கடுமையாகக் கண்டித்தது. அதன்பின் பொறுப்பேற்ற இளம் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் ஹூட் சன்னல்களைப் பெரிதாக்கினார். கூடங்களில் படங்களும் செடிகளும் பறவைக் கூண்டுகளும் வந்தன. கட்டிவைக்கும் வழக்கம் ஒழிந்தது. ஏழை நோயாளிகள் மாவட்டக் காப்பகங்களுக்குப் போக, பெத்லம் மெல்ல மெல்லப் படித்த நடுத்தர வர்க்கத்தின் மருத்துவமனையானது. சீர்திருத்தம் வந்தது உண்மை. அதன் பலன் யாருக்கு என்பதும் மாறிவிட்டது. பூனைப் படங்களால் பேர்பெற்ற லூயிஸ் வெய்ன் கடைசிக் கால நோயாளிகளில் ஒருவர்.

நகரம் நாலாபுறமும் நெருங்கியதும் மருத்துவமனை வெளியேற முடிவெடுத்தது. 1930-இல் பெக்கன்ஹாம் அருகே மங்க்ஸ் ஆர்ச்சர்டில், மரங்கள் சூழ்ந்த நிலத்தில் தனித்தனி வீடுகளாகக் கட்டிய நான்காவது இடத்துக்குப் போனது. இன்றும் அங்கே செயல்படுகிறது. லாம்பெத் நிலத்தைப் பத்திரிகை முதலாளி ரோதர்மியர் பிரபு விலைக்கு வாங்கி, தாயாரின் நினைவாகப் பூங்காவுக்குக் கொடுத்தார். ஜெரால்டின் மேரி ஹார்ம்ஸ்வொர்த் பூங்கா என்று அதற்குப் பெயர். பூங்காவுக்கு இடம் வேண்டி இருபுறக் கட்டடங்களையும் இடித்தார்கள். தேவாலயமும் அலுவலகமும் இருந்த நடுப்பகுதிக்கு மட்டும் ஆபத்து வரவில்லை. எதைக் காக்க வேண்டும், எதை இடிக்கலாம் என்ற அந்த முடிவில் நோயாளிகளின் தடம் அநேகமாக முழுவதுமே போய்விட்டது.

1917-இல் நிறுவப்பட்டு, கிரிஸ்டல் பேலஸிலும் பிறகு சவுத் கென்சிங்டனிலும் ஒண்டுக்குடித்தனம் நடத்திவந்த இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு 1936-இல் இந்தக் கட்டடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆறாண்டுகள் மூடியிருந்தது, குண்டும் விழுந்தது. 1968-இல் ராமிலீஸ், ரெசல்யூஷன் போர்க்கப்பல்களின் 15 அங்குலப் பீரங்கிகள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 100 டன், வாசலில் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், போர்க்கருவிகளைக் காட்சிக்கு வைப்பதை எதிர்த்த ஒருவர் வைத்த தீயில் குவிமாடம் சேதமடைந்தது. 1999-இல் அதே பூங்காவில், பீரங்கிகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தலாய் லாமா திபெத்திய அமைதித் தோட்டத்தைத் திறந்துவைத்தார். கட்டடத்தின் உட்புறம் 1980-களிலும், 2014-இல் ஃபாஸ்டர் நிறுவனத்தின் வடிவமைப்பிலும் பெரிதாக மாறியது.

பெத்லத்தின் முந்தைய இடங்களில் முதலாவது, பிஷப்ஸ்கேட்டில் இருந்தது, இப்போது லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவது ஃபின்ஸ்பரி சர்க்கஸின் தென்பக்கம். 2015-இல் புதிய ரயில் தடத்துக்காக லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் தோண்டியபோது 3,000-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. ‘பெட்லம் இடுகாடு’ என்று வழங்கினாலும் அது மருத்துவமனைக்கென்று அமைந்ததல்ல. நகரத் தேவாலயங்களின் இடுகாடுகள் நிரம்பி வழிந்ததால் 1569-இல் திறந்த பொது இடுகாடு. கொள்ளைநோயில் இறந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கிப்பரின் இரண்டு சிலைகளும் 2015-இல் பெக்கன்ஹாமில் திறந்த பெத்லம் மன அருங்காட்சியகத்தில் உள்ளன.