ஆயிரம் கிலோமீட்டர் விரதம்: சென்னையில் ‘ரன்னிங் இன்’ வந்த வழி

புதுக் கார் வாங்கிய வீட்டில் முதல் மாதம் முழுக்க அறிவுரை மழைதான். எண்பதைத் தாண்டாதே, டாப் கியரில் இழுக்க விடாதே, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் வண்டியை விரட்டாதே. சொல்பவர் மாமாவாக இருப்பார், அல்லது அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனாக இருப்பார். காரோடு வந்த கையேட்டை அவர்கள் புரட்டியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘ரன்னிங் இன்’ என்னும் இந்த விரதத்தைக் கார் கம்பெனிகள் நமக்குப் போதித்ததாகத்தான் பொதுவாக எண்ணுகிறோம். சென்னையில் அதற்கு வேறோர் ஆசான் இருந்தார் என்பது இக்கட்டுரையின் வாதம். அவர் ரீபோர் அடிக்கும் லேத் பட்டறைக்காரர். அந்த வரலாற்றைப் பார்க்க ஆதம்பாக்கம் வாகான இடம். பரங்கிமலை ரயில் பாதையைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு, வடக்கே சற்றுத் தள்ளி, 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை.

விஷயம் சிலிண்டர் சுவரில் இருக்கிறது. கடைந்தெடுத்த இரும்பு விரலுக்கு வழவழப்பாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உழுத வயல். பிஸ்டன் ரிங் அந்த வரப்புகளை உரசித் தேய்த்துச் சுவரோடு பொருந்தி உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது. ‘ரிங் செட் ஆகணும்’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். பழைய இன்ஜின்களில் பேரிங்குக்கும் இதே கதி. வைட் மெட்டலை உருக்கி வார்த்து, நீல மை தடவி எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, கையால் சுரண்டிப் பொருத்துவார்கள். ஆக, தொழிற்சாலை அரைகுறையாக விட்ட வேலையைக் காசு கொடுத்து வாங்கியவர்தான் ரோட்டில் ஓட்டி முடித்தார். அவர் அதைத் தன் பாக்கியமாகவே கருதினார் என்பது வேறு விஷயம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஃபியட் 1100-இன் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள அலுமினிய பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பருக்கும். சுவர் அவ்வளவு வேகமாக விலகிக் கொடுக்காது. இடைவெளி போதாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்கள். அதனால்தான் அந்தக் கால பிரிட்டிஷ் கையேடுகள் முதல் 500 மைலுக்குக் கியருக்கு ஒரு வேக வரம்பு விதித்தன. 500 மைல் என்பது சுமார் 800 கிலோமீட்டர். 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக் முறைக்கு மாறியபோது அந்த எண்ணூறுதான் ஆயிரமாக நிமிர்ந்தது என்பது என் ஊகம். பொறியியல் காரணம் எதுவும் அந்த முழு எண்ணுக்கு இல்லை.

மதராஸுக்குப் புது இன்ஜின்கள் புதிதல்ல. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை வான்கார்டில் தொடங்கி, 1961-இல் ஹெரால்டுக்கு வந்தது. அங்கிருந்து நகருக்குள் வரும் புதுக் கார் தாம்பரம், மீனம்பாக்கம், பரங்கிமலை என்று ஆதம்பாக்கத்தின் ஓரமாகத்தான் ஊர்ந்து போயிருக்கும். திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் வேறு. பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு போனால், பின்னால் வருபவர் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போக வேண்டும் என்று பொருள்.

ஆனால் அப்படிப்பட்ட கார்கள் எத்தனை பேர் கைக்கு வந்தன? 1959-இல் மத்திய அரசு கார் வினியோகத்துக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. காத்திருந்து வாங்கிய காரும் ஒழுங்காக இல்லை என்ற புகார் வலுத்து, 1967-இல் கார்களின் தரத்தை விசாரிக்க ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது. ஒரு டிரைவர் தன் ஆயுளில் புத்தம்புது காரை ஓட்டிப் பழக்குவது அபூர்வம். அதே டிரைவர் ரீபோர் செய்த அம்பாசடரைப் பலமுறை பழக்கியிருப்பார். விரதத்தை மனப்பாடமாக்கியது இந்த இரண்டாவது அனுபவம்தான்.

ரீபோர் என்பது இன்ஜினுக்கு மறுபிறவி. தேய்ந்து முட்டை வடிவான சிலிண்டரை மறுபடி வட்டமாகக் கடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவது. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அளவு ஏறும். பட்டறையில் வெறுமனே ‘இருபது சைஸ்’, ‘நாற்பது சைஸ்’. அதற்கு மேல் போனால் ஸ்லீவ் இறக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் இருந்ததால் பிஸ்டனுக்காகச் சென்னை கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. இப்படி ஒரே இன்ஜின் மூன்று நான்கு முறை புதிதாகி, ஒவ்வொரு முறையும் விரதம் இருந்தது.

ஆதம்பாக்கத்தில் ஒரு பட்டறையில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிளாக்கை மேஜையில் இறுக்கி, போர் டயலை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் இறக்கிப் பார்த்தார் பெரியவர். முள் ஆடும் ஆட்டத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே சுவரில் சாக்பீஸால் குறித்தார். கடைந்து முடித்ததும் ஹோனிங் கல். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட, கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போனது. துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். சுவரெங்கும் கோலப்புள்ளிகளை இணைத்தது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். “இந்தக் கோட்டுலதான் சார் ஆயில் நிக்கணும். வழவழன்னு இருந்தா வழிஞ்சிடும்” என்றார். பிறகு வண்டிக்காரரிடம் திரும்பி, “ஐந்நூறு ஓட்டிட்டு ஆயில மாத்து. ஒரே வேகத்துல போவாத, ஏத்தி எறக்கி ஓட்டு” என்றார். விரதத்தின் முழு மந்திரமும் அவ்வளவுதான்.

‘ஏத்தி எறக்கி’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட வேண்டும். மெதுவாகப் போனால் போதும் என்ற நம்பிக்கையோடு அது ஒத்துப்போவதில்லை. டைட்டாகப் போட்ட இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுழற்ற முடியாமல் கயிறு கட்டி இழுத்து உயிர் கொடுத்து, பிறகு மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவதுண்டு. அது தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை. பின்னால் புகும் எரிந்த வாயுவின் அழுத்தமும்தான். சுமையே இல்லாமல் ஓடினால் அந்த அழுத்தம் கிடைக்காது. வரப்பு தேய்வதற்குள் ஆயில் கருகிச் சுவரில் மெருகு போலப் படிந்துவிடும். அப்புறம் காலமெல்லாம் இன்ஜின் ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும். சிலிண்டர் தேய்மானத்தில் பெரும்பங்கு உரசலால் வருவதில்லை, குளிர்ந்த சுவரில் படியும் அமிலத்தின் அரிப்பால் வருகிறது என்று 1930-களிலேயே பிரிட்டனில் ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். கோழி அடைகாப்பது போல இன்ஜினைப் பொத்திப் பொத்தி ஓட்டியவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

திருப்பம் 1983 டிசம்பரில் மாருதி 800-உடன் வந்தது. அதன் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், ஃபியட்டோடு அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வித்தியாசம் முழுவதும் கடைசலின் துல்லியத்தில் இருந்தது. உலகத் தொழிற்சாலைகள் ஹோனிங்கை இரண்டு கட்டமாக்கியிருந்தன: முதலில் ஆழமான கோடு, பிறகு நுண்ணிய கல்லால் வரப்பின் முனையை மட்டும் சீவுவது. ரோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி ரிங் தேய்க்க வேண்டியதைக் கல் சில நொடிகளில் தேய்த்துவிட்டது. ரிங்குகளும் மாறின, 1991-இல் ஜப்பானியக் கூட்டோடு ஐ.பி. ரிங்ஸ் மறைமலைநகரில் வந்தது. வேலை வாடிக்கையாளர் கையிலிருந்து தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனதுதான் இந்த வரலாற்றின் போக்கு. இன்று பல ஆலைகளில் புது இன்ஜினைப் பெட்ரோல் ஊற்றாமலேயே மின் மோட்டாரால் சுழற்றிச் சோதிக்கிறார்கள்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. ஹூண்டாய் கையேடுகள் இவ்விஷயத்தில் சுவையானவை. தனியாக ரன்னிங் இன் காலம் தேவையில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும். அடுத்த வரியில் முதல் 1,000 கிலோமீட்டருக்குச் சில எச்சரிக்கைகள்: இன்ஜினை உறும விடாதே, நிமிடத்துக்கு 2,000 முதல் 4,000 சுற்றுக்குள் சுழலட்டும், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே. பட்டறைப் பெரியவரின் ‘ஏத்தி எறக்கி’தான் வேறு மொழியில் அச்சாகியிருக்கிறது. தேவை போன பிறகும் எண் போகவில்லை. முதல் இலவச சர்வீஸும் அந்த ஆயிரத்தில் வந்து நின்றதால், விரதம் முடிக்க ஒரு நாளும் குறித்த மாதிரி ஆயிற்று.

எண்ணுக்குத் துணையாக ஊர் வழக்கமும் சேர்ந்துகொண்டது. சென்ட்ரல் அருகே பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் நீண்ட பயணமாகத் திருப்பதி. ஆதம்பாக்கத்திலிருந்து போய்வர முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். சமவெளியில் மாறி மாறி வேகம், மலைப்பாதையில் சின்ன கியரில் சுமை, இறக்கத்தில் இன்ஜின் பிரேக். ரிங் உட்காருவதற்கு இதைவிட நல்ல பாதையை ஒரு பொறியாளர் உட்கார்ந்து வரைந்தாலும் வரைய முடியாது. பெருமாளுக்கு ரிங் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் பட்டறைப் பெரியவர் கோபித்துக்கொள்வார்.

அவர் பட்டறையில் இப்போது கார் பிளாக் வருவது குறைவு. நான் கடைசியாகப் போனபோது மேஜையில் ஒரு பழைய புல்லட் பேரல் இருந்தது. கொண்டுவந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எத்தனை கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று கேட்டான். பெரியவர் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டி, “மொதல்ல கோட்டைப் பாரு” என்றார்.