ஓசை குறைந்த கேரவன் குளிரூட்டி

கேரவன் குளிரூட்டி என்பது படுக்கை, சமையலிடம், கழிவறை முதலிய வசதிகளுடன் தங்குவதற்கு ஏற்றவாறு அமைக்கப்பட்ட ஊர்தியின் உட்பகுதியைக் குளிர்விக்கும் கருவி ஆகும். தமிழ்நாட்டில் கேரவன் என்னும் சொல் நெடுங்காலமாகப் படப்பிடிப்பு இடங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியையே பெரும்பாலும் குறித்து வந்தது. 2021 ஆம் ஆண்டு கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2023 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றது. இதனால் இத்தகைய ஊர்திகளில் இரவு தங்கிப் பயணம் செய்வது பொதுமக்களிடையேயும் பரவத் தொடங்கியது.

பழைய குளிரூட்டிக்கு மாற்றாக வேறொன்றைப் பொருத்தும்போது அதன் ஓசை முதன்மையான தெரிவுக் காரணிகளுள் ஒன்றாக உள்ளது. ஆனால் குளிரூட்டியின் ஓசையைத் தனியாகக் கருத இயலாது. அதற்கு மின்சாரம் தரும் மூலத்தின் ஓசையும், அம்மூலத்தால் விளையக்கூடிய தீங்கும் சேர்த்தே கருதப்பட வேண்டும். இக்கட்டுரை கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

ஓசையின் அளவீடு

ஓசையின் அளவு டெசிபெல் என்னும் மடக்கை அலகில் குறிக்கப்படுகிறது. ஒலித்திறன் இரு மடங்காகும்போது அளவு 3 டெசிபெல் உயர்கிறது. மனிதச் செவி ஓசை இரு மடங்கானதாக உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் உயர்வு தேவைப்படுகிறது. திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் அளவு 6 டெசிபெல் குறைகிறது.

உற்பத்தியாளர்கள் தரும் எண்களை ஒப்பிடும்போது கவனம் தேவை. ஒலித்திறன் மட்டம், ஒலியழுத்த மட்டம் ஆகிய இரண்டும் டெசிபெல்லில் குறிக்கப்பட்டாலும் அவை வெவ்வேறானவை. ஒரே கருவிக்கு ஒரு மீட்டர் தொலைவில் அளக்கப்படும் ஒலியழுத்த மட்டம், அதன் ஒலித்திறன் மட்டத்தைவிட 8 முதல் 11 டெசிபெல் வரை குறைவாக இருக்கும். மேலும் விளம்பர ஏடுகளில் காணப்படும் எண் பல வேளைகளில் விசிறியின் மிகக் குறைந்த வேகத்தில் அளக்கப்பட்டதாகும். எனவே எந்தத் தொலைவில், எந்த வேகத்தில், எந்த வகை மட்டம் அளக்கப்பட்டது என்பது தெரியாத எண்ணைக் கொண்டு ஒரு கருவியை மற்றொன்றுடன் ஒப்பிட இயலாது.

உலக நலவாழ்வு அமைப்பு 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் படுக்கையறைக்குள் தொடர் ஓசை 30 டெசிபெல்லுக்கு மிகாதிருக்கப் பரிந்துரைக்கிறது. இயங்கும் குளிரூட்டியுடன் கூடிய கேரவனில் இந்த அளவை எட்டுவது கடினம். எனினும் இரு கருவிகளுள் எது இந்த அளவை நெருங்குகிறது என்று பார்ப்பதற்கு இது ஓர் அளவுகோலாகிறது.

ஓசை எழும் இடங்கள்

குளிரூட்டியின் ஓசை மூன்று இடங்களில் எழுகிறது.

முதலாவது, கம்ப்ரசர் என்று பரவலாக அழைக்கப்படும் அமுக்கி. இது எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட முரலொலி ஊர்தியின் கூரைத் தகட்டையும் அதிரச் செய்கிறது. ஊர்தியின் உடல் மெல்லிய தகட்டால் ஆனதால் அது மத்தளத்தின் தோலைப் போலச் செயல்பட்டு ஓசையைப் பெருக்குகிறது.

இரண்டாவது, விசிறிகள். விசிறியின் சுழற்சி வேகம் பாதியாகும்போது அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறைகிறது. ஆகவே அதே அளவு காற்றைத் தள்ளும் இரு விசிறிகளுள் விட்டம் பெரிதாகவும் வேகம் குறைவாகவும் உள்ளதே பொதுவாக ஓசை குறைந்தது.

மூன்றாவது, காற்று வெளிவரும் வழி. குறுகிய துளைகளும் கூர்மையான வளைவுகளும் காற்றைச் சீறச் செய்கின்றன.

இவை தவிர, ஒரே வேகத்தில் மட்டும் இயங்கும் அமுக்கி அடிக்கடி நின்று மீண்டும் தொடங்கும். இடைவிடாத மெல்லிய ஓசையைவிட இத்தகைய திடீர் மாற்றமே உறக்கத்தை மிகுதியாகக் கலைக்கிறது.

வகைகள்

கேரவன்களில் பயன்படும் குளிரூட்டிகளை அவை பொருத்தப்படும் இடத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

கூரைக் குளிரூட்டி: எல்லா உறுப்புகளும் ஒரே பெட்டியில் அடங்கிக் கூரையின் மேல் அமர்ந்திருக்கும். அமெரிக்காவில் 14 அங்குலச் சதுரத் துளையும் ஐரோப்பாவில் 400 மில்லிமீட்டர் சதுரத் துளையும் வழக்கில் உள்ளன. படுக்கைக்கு நேர் மேலே அமுக்கி அமைவதால் மூன்று வகைகளுள் பொதுவாக இதுவே மிகுந்த ஓசை தருவதாகும். பழைய அமெரிக்க வகைகள் உயர் வேகத்தில் ஊர்திக்குள் 60 முதல் 70 டெசிபெல் வரை ஓசை எழுப்புகின்றன.

இருக்கைக்கு அடியில் அமையும் குளிரூட்டி: செருமனியின் ட்ருமா நிறுவனத்தின் சபிர் வகை இதற்கு எடுத்துக்காட்டாகும். பெட்டிக்குள் அடைபட்டிருப்பதாலும் எடை தாழ்வாக இருப்பதாலும் ஓசையும் ஊர்தியின் ஆட்டமும் குறைகின்றன. ஆனால் குளிர்ந்த காற்றைக் கூரை உயரத்திற்குக் கொண்டு செல்லக் குழாய்கள் தேவை.

பிரிப்புக் குளிரூட்டி: வீடுகளில் பயன்படுவது போல உள்ளலகும் வெளியலகும் தனித்தனியே அமைந்தது. அமுக்கி ஊர்திக்கு வெளியே சென்றுவிடுவதால் உள்ளே விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும். இந்தியாவில் கட்டப்படும் கேரவன்களில் ஒரு டன் அளவுள்ள வீட்டுப் பிரிப்புக் குளிரூட்டிகளும் பொருத்தப்படுகின்றன. விலை குறைவு, உதிரி உறுப்புகள் சிற்றூர்களிலும் கிடைத்தல் ஆகியவை இதன் நன்மைகள். ஆனால் இவை அசையாத சுவருக்கென வடிவமைக்கப்பட்டவை. சாலை அதிர்ச்சியால் செப்புக் குழாய்களின் இணைப்புகள் தளர்ந்து குளிர்பொருள் கசியக்கூடும்.

வெளிநாட்டுக் கருவிகளை இறக்குமதி செய்யும்போது மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பார்ப்பது இன்றியமையாதது. அமெரிக்கக் கருவிகள் 115 வோல்ட்டு, 60 ஏர்ட்சு மின்சாரத்திற்கு உரியவை. இந்தியாவில் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு மின்சாரமே வழங்கப்படுகிறது.

குளிர்விக்கும் திறனைக் கணித்தல்

ஒரு டன் குளிர்விக்கும் திறன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. அல்லது ஏறத்தாழ 3,517 வாட்டு ஆகும். தேவைக்கு மிகுதியான திறனுள்ள ஒற்றை வேகக் கருவி விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். பின் மீண்டும் தொடங்கும். இதனால் ஓசையில் ஏற்ற இறக்கம் மிகுவதோடு காற்றின் ஈரப்பதமும் போதிய அளவு நீங்குவதில்லை.

ஆகவே கருவியைத் தெரிவு செய்யும் முன் ஊர்திக்குள் புகும் வெப்பத்தைக் குறைப்பது முறையாகும். எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பெட்டி போன்ற ஊர்தியைக் கொள்வோம். அதன் சுவர்கள், கூரை ஆகியவற்றின் பரப்பு 44 சதுர மீட்டர். உள்ளும் வெளியும் 12 பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது வெறும் தகட்டின் வழியே ஏறத்தாழ 2,900 வாட்டு வெப்பம் புகும். 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைப் பலகையை உள்ளே பதித்தால் இது 600 வாட்டுக்கும் கீழே இறங்கும். நேரடி வெயிலால் ஏறும் வெப்பம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. வெள்ளை நிறக் கூரை, முன்கண்ணாடிக்குத் திரை, நிழலில் நிறுத்துதல் ஆகியவை அதனைக் குறைக்கும். இவ்வாறு தேவை குறைந்தால் சிறிய கருவியே போதுமானதாகிறது. அது குறைந்த வேகத்திலும் குறைந்த ஓசையிலும் இயங்கும்.

மின்மூலமும் அதன் ஓசையும்

ஊர்தி நின்றிருக்கும்போது குளிரூட்டிக்கான மின்சாரம் வெளி மின்னிணைப்பிலிருந்தோ, ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கியிலிருந்தோ, மின்கல அடுக்கிலிருந்தோ கிடைக்கிறது.

இந்தியாவில் 1,000 கிலோவோல்ட்டு ஆம்பியர் வரையிலான புதிய டீசல் மின்னாக்கிகள் ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபெல்லுக்கு மேல் ஓசை எழுப்பக்கூடாது என்பது விதி. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும் வரம்புகளாகும். 75 டெசிபெல் எழுப்பும் மின்னாக்கியின் ஓசை திறந்தவெளியில் 10 மீட்டர் தொலைவில் 55 ஆகவும், ஏறத்தாழ 32 மீட்டர் தொலைவில் 45 ஆகவும் குறையும்.

இரு ஓசைகள் சேரும்போது பெரியதே மேலோங்கும். மின்னாக்கியின் ஓசை 65 டெசிபெல், குளிரூட்டியின் ஓசை 55 டெசிபெல் என அளக்கப்படும் இடத்தில் மொத்தம் 65.4 டெசிபெல் ஆகும். குளிரூட்டியை மாற்றி அதன் ஓசையை 45 ஆகக் குறைத்தாலும் மொத்தம் 65.0 மட்டுமே. இந்த வேறுபாட்டைச் செவியால் உணர முடியாது. அதாவது மின்னாக்கி ஓடும் வரையில் விலை உயர்ந்த ஓசை குறைந்த குளிரூட்டியால் வெளியில் உள்ளோருக்குப் பயனில்லை.

கார்பன் மோனாக்சைடு

மின்னாக்கியின் தீங்கு ஓசையோடு முடிவதில்லை. 2024 திசம்பர் 23 அன்று கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. குளிரூட்டியை இயக்கிய மின்னாக்கியிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு ஊர்திக்குள் புகுந்ததே இறப்புக்குக் காரணம் என்று கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் ஆய்வில் கண்டறியப்பட்டது.

இவ்வளிமத்திற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இது இணைகிறது. உறங்குபவர் விழித்தெழாமலேயே உயிரிழக்கக்கூடும். குளிரூட்டிக்காகச் சன்னல்கள் அடைக்கப்பட்டிருப்பதால் உள்ளே புகுந்த வளிமம் எளிதில் வெளியேறுவதில்லை. எனவே மின்னாக்கியை ஊர்திக்கு உள்ளேயோ அடியிலேயோ இயக்கியபடி உறங்குதல் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகில் பொருத்துவது குளிரூட்டியின் தரம் எதுவாயினும் தேவையானது.

மின்கலத்தில் இயங்குதல்

இரவில் மின்னாக்கியைத் தவிர்க்க வேண்டுமெனில் குளிரூட்டி குறைந்த மின்சாரத்தில் இயங்க வேண்டும். வேகத்தை மாற்றிக்கொள்ளும் அமுக்கி உடைய இன்வெர்ட்டர் வகைக் குளிரூட்டிகள் இங்கு பயன்படுகின்றன. ஒற்றை வேக அமுக்கி தொடங்கும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல 4 முதல் 6 மடங்கு வரை இழுக்கும். இன்வெர்ட்டர் வகை மெல்லத் தொடங்குவதால் சிறிய மின்மாற்று அமைப்பே போதும்.

ஒரு கருவி சராசரியாக 500 வாட்டு வீதம் 8 மணி நேரம் இயங்கினால் 4 கிலோவாட்டு மணி ஆற்றல் தேவை. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றுவதில் 10 விழுக்காடு இழப்பும், மின்கலத்தின் 80 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துவதும் சேர்ந்தால் ஏறத்தாழ 5.6 கிலோவாட்டு மணி கொள்ளளவுள்ள மின்கல அடுக்கு வேண்டும். சராசரி 750 வாட்டாக உயர்ந்தால் இது 8.3 கிலோவாட்டு மணியாகும். எனவே ஒரு கருவியின் சராசரி மின்நுகர்வு, அதன் டெசிபெல் எண்ணுக்கு நிகரான முதன்மை உடையது.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. இதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான கல்வராயன் மலை அமைந்துள்ளது. வடக்கில் உள்ள சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடியும், தெற்கில் உள்ள பெரிய கல்வராயன் சராசரியாக 4,000 அடியும் உயரம் கொண்டவை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைச்சாலை வெள்ளிமலைக்குச் செல்கிறது.

ஒரு கிலோமீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு வீதம் காற்றின் வெப்பநிலை குறைகிறது. ஆகவே சமவெளியைவிட மலைமேல் 5 முதல் 7 பாகை வரை குளிர்ச்சி மிகும். ஒரே பயணத்தில் பிற்பகல் கள்ளக்குறிச்சியின் கோடை வெயிலுக்கும் இரவு மலையின் குளிர்ச்சிக்கும் ஒரே கருவி ஈடுகொடுக்க வேண்டியுள்ளது. இதற்கு அதன் உச்சத் திறனைவிட, எவ்வளவு குறைந்த திறன் வரை நிற்காமல் இயங்க வல்லது என்பதே முக்கியமாகும். மலையில் பல இரவுகளில் கொசுவலை இட்ட சன்னல்களும் சிறு விசிறியும் போதுமானவையாகலாம்.

உயரம் மின்னாக்கியையும் பாதிக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு வீதம் அதன் திறன் குறையும். 4,000 அடி உயரத்தில் இது 12 விழுக்காடு ஆகும். கள்ளக்குறிச்சியில் குளிரூட்டியைத் தடையின்றித் தொடங்கிய மின்னாக்கி பெரிய கல்வராயனில் திணறக்கூடும்.

நகரச் சாலையோரத்தில் போக்குவரத்து இரைச்சலில் மறைந்துவிடும் ஓசை, ஊர் அடங்கிய மலைச் சிற்றூரில் தெளிவாகக் கேட்கும். இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். குடியிருப்புகளுக்கு அருகில் ஊர்தியை நிறுத்தி மின்னாக்கியை இயக்குவது அவர்களது உறக்கத்தையும் பாதிக்கும். காப்புக்காடுகளுக்குள் தங்குவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை.

பொருத்துதல்

ஓசை குறைந்த கருவியும் தவறாகப் பொருத்தப்பட்டால் இரைச்சல் தரும். வெளியலகையும் அமுக்கியையும் அதிர்வு தாங்கும் இரப்பர் அடிகளின் மேல் அமர்த்துதல், தகட்டில் நேரடியாக முடுக்காமல் சட்டத்தில் முடுக்குதல், செப்புக் குழாயில் வளைவு ஒன்றை விட்டு அதிர்ச்சியை ஏற்கச் செய்தல் ஆகியவை வழக்கமான முறைகள். மலைச்சாலைப் பயணத்திற்குப் பின் இணைப்புகளைச் சோப்பு நீரிட்டுச் சோதிப்பது கசிவை முன்னதாகவே காட்டும். புதிய கருவிகளில் பயன்படும் ஆர்-32 குளிர்பொருள் ஆர்-410ஏ குளிர்பொருளைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகவே பங்களிக்கிறது. ஆனால் அது சிறிதளவு தீப்பற்றும் தன்மை உடையது என்பதால் சிறிய இடத்தில் கசிவைத் தவிர்ப்பது முக்கியம்.

தெரிவு செய்யும்போது நோக்க வேண்டியவை

* கூரை, சுவர் ஆகியவற்றின் வெப்பக் காப்பு முதலில் சீர்செய்யப்பட்டுள்ளதா
* டெசிபெல் எண் எந்த வேகத்தில், எந்தத் தொலைவில் அளக்கப்பட்டது
* அமுக்கி வேகம் மாறக்கூடியதா; அதன் மிகக் குறைந்த இயங்குதிறன் எவ்வளவு
* இரவு முழுவதற்குமான மின்நுகர்வை மின்கல அடுக்கு தாங்குமா
* கருவியின் எடையைக் கூரை அல்லது சட்டம் தாங்குமா. மொத்த உயரம் மலைச்சாலை மரக்கிளைகளுக்கு இடம் விடுமா
* மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் இந்திய மின்சாரத்திற்குப் பொருந்துமா
* கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உள்ளதா

இவற்றையும் பார்க்க

* காற்றுப் பதனம்
* டெசிபெல்
* ஒலி மாசு
* கார்பன் மோனாக்சைடு
* கல்வராயன் மலை